ஒரே பையில் இரண்டு சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலை ஐந்து இருபதுக்குக் குளத்தின் விளக்குகளைப் போட்டேன். அவை முழுசாக எரிய ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை தண்ணீர் கறுப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடக்கும். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஐந்தரைக்குப் பெரிய கோச் வந்தார், கையில் வழக்கமான பிளாஸ்க். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பிள்ளைகள் நானூறு மீட்டர் நீந்தி முடித்துவிடுகிறார்கள். அதனால் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் தெரியும். "ஆமைதான்டா ஜெயிச்சுது, முயல் தூங்கிடுச்சு" என்று அவர்களிடமே சொல்லிக்கொண்டு போவார். பின்னாலேயே எங்கள் இன்னொரு கோச், அம்பு வந்தாள். இருபத்தொன்பது வயது. நாட்டுக்காக நீந்தியவள், குதித்தால் அம்பு போலத்தான் போவாள். கண்ணைக் கூடத் திறக்காமல் பலகையில் அன்றைய பயிற்சியை எழுதிவிடுவாள். மூன்று பேரும் நின்றபடியே டீ குடித்தோம். பேசவில்லை. நாள் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஏழு நிமிடம் அதுதான்.

நான் கோச் ஆனதே ஒரு வேடிக்கை. மகள் நீந்துகிறாள் என்று நாலு வருடம் மேலே படிக்கட்டில் உட்கார்ந்து, சொந்தக் காசில் வாங்கிய ஸ்டாப்வாட்சில் அவளுடைய ஒவ்வொரு சுற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதில் ஒருநாள் அவள், "அம்மா, எனக்குத் தண்ணி போதும்" என்று சொல்லிவிட்டாள். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் பெரிய கோச்சிடம் வந்தேன். பொண்ணு போனாப் போகட்டும், வாட்ச் வச்சிருக்கிற ஆள நான் விடறதா இல்ல என்றார். பயிற்சி வகுப்பு, தேர்வு, உயிர்காப்பு எல்லாம் முப்பத்தாறு வயதில் படித்தேன். மகள் கரையேறிவிட்டாள். நான் இங்கேயே நின்றுவிட்டேன். பிள்ளைகளுக்கு நான் வாட்ச் மிஸ்.

இந்த மாதம் முழுக்க ஒரே பேச்சு: பதினைந்து வயது நிரம்பாத பெண்களின் ரிலே. நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். மார்ச் முடிவதற்குள் ஏதாவது ஓர் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் நாலு நிமிடம் இருபத்து நாலு விநாடிக்குள் நீந்தினால் தேசியப் போட்டிக்குப் போகலாம். நெட்டை, புதுசு, ஊசி, வாயாடி — நாலு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இதில் ஊசிக்குத்தான் நெருக்கடி. தையல்காரரின் மகள், ஆளும் ஊசி போல இருப்பாள். தனியாக நீந்தித் தேசியப் போட்டிக்குப் போகும் வேகம் அவளுக்கு இல்லை. ரிலே ஒன்றுதான் வழி. தகுதி பெறும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு; ஏப்ரல் பத்தொன்பதோடு அவளுக்குப் பதினைந்து முடிகிறது, பிறகு பெரிய பிரிவு. அவள் அப்பா போன மாதமே சொல்லிவிட்டார்: தேசியப் போட்டிக்குப் போனால் மேலே யோசிக்கலாம், இல்லாவிட்டால் இந்த சீசனோடு சரி, படிப்பைப் பார்க்கட்டும். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. தினமும் நாலரைக்கு எழுந்து அவளைக் கொண்டுவந்து விடுகிறவர் அவர்.

மார்ச் 7, வெள்ளி

ரிலேயில் ஆள் மாறும் பயிற்சி. முன்னவள் சுவரைத் தொடும்வரை அடுத்தவளின் கால் மேடையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் நாலு பேரும் தகுதி நீக்கம். ஊசிக்குப் பொறுமை போதவில்லை, பத்தில் மூன்று தடவை முந்திக் குதிக்கிறாள். அம்பு திட்டிக்கொண்டே இருந்தாள்: "தொட்டதும் குதி. தொடப்போறான்னு குதிக்காத."

ஊசி தலையாட்டிவிட்டு அடுத்த தடவையும் முந்திக் குதித்தாள். பயமே இல்லாத குதி. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

நாளை மண்டலப் போட்டி. ரிலேவுக்கு யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசை எழுதி நடுவர் மேசையில் கொடுக்க வேண்டும். சீட்டில் இருக்கும் வரிசைப்படிதான் நீந்த வேண்டும். அதை எப்போதும் நான்தான் எழுதுவேன். முந்தின மாலையே சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, நல்ல பேனாவில், அச்சடித்த மாதிரி எழுதுவேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகையா?" என்றார். நெட்டை, புதுசு, ஊசி, வாயாடி. நாலு பேரின் முழுப் பெயரையும் எழுதி மடித்து ஜாக்கெட் பையில் வைத்தேன்.

மார்ச் 15, சனி

எழுத முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன்.

நேற்றுக் காலை தண்ணீரில் உடம்பைச் சூடாக்கும்போது புதுசு தடுமாறினாள். பக்கத்து லேன்களின் அலை அடித்தால் அவளுக்கு மூச்சு தப்பிவிடுகிறது. இரண்டாவது ஆள் நீந்தும்போது எல்லா அணிகளும் நெருக்கமாக இருக்கும், மூன்றாவதற்குள் விலகிவிடும். ஊசியை இரண்டாவதாகவும் புதுசை மூன்றாவதாகவும் மாற்றலாம் என்றாள் அம்பு. பெரிய கோச்சும் சரி என்றார். சரியான முடிவு. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால்மேல் வைத்து, ஈரக் கையோடு புதுச் சீட்டு எழுதினேன். கோழி கிளறினதுபோல இருந்தது. மடித்து அதே பையில் போட்டேன்.

அதே பையில்.

பழையதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்க மனம் வரவில்லையோ? அவ்வளவு அழகாக எழுதியிருந்தேனே! மேசைக்குப் போனேன், பைக்குள் கை விட்டேன், கையில் வந்ததைக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த அம்மாள் அதை வாங்கிக் கிளிப்பில் செருகினார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைகள் நீந்தினார்கள். எப்படி நீந்தினார்கள்! நெட்டை சுவரைத் தொட்டதும் ஊசி குதித்த குதியில் நானே எழுந்து நின்றுவிட்டேன். நாலு நிமிடம் இருபத்திரண்டு விநாடி, அறுபத்தாறு. ஒரு விநாடிக்கு மேலேயே கையிருப்பு. நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஊசி மேலே பார்த்து அப்பாவுக்குக் கையசைத்தாள்.

பிறகு பலகையில் நாலாவது லேனுக்கு எதிரே நேரம் மறைந்து 'தகுதி நீக்கம்' என்று வந்தது.

காரணம் பலகையில் வராது. ரிலேயில் தகுதி நீக்கம் என்றாலே யாரோ முந்திக் குதித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நினைத்தார்கள். தலைமை நடுவர் பெரிய கோச்சையும் என்னையும் மேசைக்கு அழைத்துச் சீட்டைக் காட்டினார். இரண்டாவது பெயர் புதுசு, மூன்றாவது ஊசி. அச்சடித்த மாதிரி என் கையெழுத்து. "வரிசை மாறியிருக்கு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மரியாதையாகவே. என் கை தானாகப் பைக்குள் போயிற்று. கோழிக் கிறுக்கல் அங்கே பத்திரமாக இருந்தது.

நாங்கள் திரும்பி வருவதற்குள் உடைமாற்றும் அறையில் ஊசி தன்னையே குற்றவாளி ஆக்கி முடித்திருந்தாள். நான்தான் முந்திட்டேன், எனக்கே தெரிஞ்சுது, கால் எடுத்துட்டேன் என்று மூன்று பேரிடமும் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். கண் வீங்கிப் போய் வேனில் ஏறி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேன் கிளம்புமுன் பெரிய கோச் எழுந்து நின்று, "இது கோச்சுங்க தப்பு. பிள்ளைங்க மேல ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு ஒரு நொடி என்னைப் பார்த்தார். நானே சொல்ல எனக்கு இடம் விட்டார், அவ்வளவுதான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோச்சுகள் எப்போதும் அப்படித்தானே சொல்வார்கள்? ஊசி நம்பவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து இன்னும் அதிகமாக அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொடுத்தேன்! அந்தக் கையை என்ன செய்வது?

மார்ச் 17, திங்கள்

ஊசி வரவில்லை.

பயிற்சி முடிந்ததும் பெரிய கோச்சிடம் கடிதம் கொடுத்தேன், வேலையை விடுகிறேன் என்று. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"இத எந்த லேன்ல போடறது? ஆறு லேனும் ஃபுல்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "நீங்க போயிட்டா தப்பும் உங்ககூடப் போயிடுமா? அது இங்கதான் கிடக்கும். யாராவது அதப் பாத்துக்கணும்ல" என்றார். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்களேன் என்று கேட்டேன். வெட்கம் கெட்டுப் போய்க் கேட்டேன். நான் சொன்னா அவ நம்ப மாட்டா, அதான் ஒருதடவை சொல்லிப் பாத்தாச்சே என்றார்.

அம்பு டீ எடுத்துக்கொள்ளவில்லை. உபகரண அறையில் நீச்சல் பழகும் கிக்போர்டு பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், திரும்பாமலேயே சொன்னாள்:

"அக்கா, அவ அழுதப்போ நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

கிக்போர்டுகளை நிறம் வாரியாக அடுக்கினாள். எங்கள் கிளப்பில் இதுவரை யாரும் அப்படி அடுக்கியதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று வந்தாள். வராமலே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றுமளவுக்கு இருந்தது. ஆள் மாறும் பயிற்சியில் நெட்டை சுவரைத் தொட்டாள், தலையை வெளியே எடுத்தாள், கண்ணாடியையும் கழற்றினாள் — ஊசி இன்னும் மேடைமேல் குனிந்து நிற்கிறாள். பிறகுதான் குதித்தாள். என் வாட்சில் விநாடியில் நூறில் எண்பது, தொண்ணூறு பங்கு. ஒரு தடவை ஒரு விநாடிக்கு மேலே. அம்பு அவளைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் இன்னொரு போட்டி இருக்கிறது, மாதக் கடைசி, கடைசி வாய்ப்பு. இப்படிக் குதித்தால் எப்படி?

மத்தியானம் மகளோடு போனில் பேசினேன். கதை முழுவதையும் சொன்னேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றெல்லாம் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பேன் போல. அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

இன்னும் இல்லை என்றேன். சரிம்மா, வகுப்புக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள்.

எதற்குப் பயப்படுகிறேன்? வேலை போவதற்கா? கடிதத்தைத்தான் நானே கொடுத்தேனே. வேலையை விடுவது சுலபமாக இருந்தது. பதினாலு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நான்தான் என்று சொல்வதுதான் முடியவில்லை. வாட்ச் மிஸ் தப்புப் பண்ண மாட்டாங்க என்று அவர்கள் பேசிக்கொள்வதை எத்தனை தடவை காதில் வாங்கிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதுவும் ஒரு காரணம்தான். பெரிய காரணமே அதுதானோ?

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்குத் தையல் கடைக்குப் போனேன். சின்னக் கடை, இரண்டு மிஷின், சுவர் முழுக்கப் பாதி தைத்த சட்டைகள். ஊசி பள்ளிச் சீருடையோடு மூலையில் உட்கார்ந்து பட்டன் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை நகர்த்தினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு ஆரம்பித்துவிடும்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சீட்டு, ஒரே பை, பிரித்துப் பார்க்காமல் கொடுத்தது. வேனில் வாயைத் திறக்காமல் வந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது. அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். நான் அழுதால் பிறகு அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

போட்டி அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கிய தாளைக் காட்டினேன். அந்தக் குளத்தில் சுவரிலும் மேடையிலும் கருவி உண்டு. ஒவ்வொருத்தியும் எப்போது கால் எடுத்தாள் என்று பதிவாகும். ஊசி: பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று. முன்னவள் தொட்ட பிறகு, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்துத்தான் குதித்திருக்கிறாள். மிகச் சரியான குதி.

"அப்போ நான் முந்திக் குதிக்கலையா?"

இல்லை என்றேன்.

"கால் எடுத்த மாதிரி இருந்துச்சே."

தாளைப் பார் என்றேன். பார்த்தாள். மறுபடியும், "நான் முந்தலையா மிஸ்?" மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னேன். பிறகு தாளை மடித்துப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்த பார்வையில் நிம்மதியும் இருந்தது, கோபமும் இருந்தது. கோபம்தான் அதிகம்.

"நாலு நாள் மிஸ்" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் அப்பா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி, விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"அளவு தப்பா எடுத்தது நீங்க. வெட்டினது எம் பொண்ணு துணிய."

ஆமாங்க என்றேன்.

"என்கிட்டயும் தப்பு வந்திருக்கு. கல்யாணச் சட்டை ஒண்ண கை குட்டையா வெட்டிட்டேன். ஆனா கஸ்டமர் வந்து நின்ன நிமிஷமே சொல்லிட்டேன்."

அதற்கும் ஆமாங்க என்றுதான் சொல்ல முடிந்தது. இருபத்தொன்பதாம் தேதி போட்டிக்கு அனுப்புவீர்களா என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. படியிறங்கும்போது அவராகவே, "அவ இஷ்டம்" என்றார். மிஷின் ஓட ஆரம்பித்தது.

மார்ச் 20, வியாழன்

இன்று காலை குளத்தோரத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், படிக்கட்டில் இருந்த பெற்றோர் கேட்கும்படியும் சொன்னேன். வாயாடிதான், "மிஸ், உங்களயும் டிஸ்குவாலிஃபை பண்ணுவாங்களா?" என்று கேட்டாள். பெரிய கோச், "பண்ணியாச்சு. ஒரு மாசம் டீ போடறது, கப்பு கழுவறது எல்லாம் மிஸ்தான்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஓர் அப்பா மட்டும் சிரிக்காமல், இவ்வளவு அலட்சியமா என்று சத்தமாகவே கேட்டார். கேட்க வேண்டியதுதானே. பெரிய கோச் நொண்டிக்கொண்டே படியேறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. இருபது நிமிடம் பேசினார். ஏறுவதும் இறங்குவதும் அந்த முழங்காலுக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும்.

ஊசி வந்திருந்தாள். என்னிடம் பேசவில்லை.

டீ போட்டேன். அம்பு ஒரு கப் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 22, சனி

அம்பு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். ஊசியைத் தனியாக மேடையில் நிற்க வைத்து, "முந்திக் குதி. வேணும்னே முந்து. பத்து தடவை தப்பாக் குதிச்சுக் காட்டு" என்றாள். ஊசிக்குப் புரியவில்லை. நெட்டை சுவருக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும்போதே குதிக்க வைத்தாள். அப்புறம் அரைக் கை, அப்புறம் விரல் அளவு. தப்பான குதி எப்படி இருக்கும் என்று காலுக்குத் தெரிந்தால்தான் சரியானதும் தெரியும் என்கிறாள். எட்டாவது குதியில் ஊசி சிரித்துவிட்டாள்.

நான் நேரம் குறித்தேன். எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பது.

மார்ச் 26, புதன்

முப்பது. இருபத்தாறு. மறுபடி ஐம்பது — அப்போது ஊசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு என்று கேட்கத்தான். சொன்னேன். "ம்" என்றாள்.

அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

மார்ச் 28, வெள்ளி

சீட்டு எழுதவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை அங்கே போய், கடைசி முடிவுக்குப் பிறகு, நாலு பெண்களும் எழுதட்டும் என்றேன். அவரவர் பெயரை அவரவரே, நீந்தும் வரிசையில். எழுதியபின் சத்தமாகப் படிக்க வேண்டும். இனிமேல் எங்கள் கிளப்பில் எல்லா ரிலேவுக்கும் இதுதான். பெரிய கோச், இத இருபது வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கலாம் என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று மூன்று மணி நேர வேன் பயணம். பழைய குளம், ஆழம் கம்மி, அலை அடியில் மோதித் திரும்பி வருகிறது. புதுசுக்கு இரண்டு நாளாக இருமல். மாற்று ஆள் இல்லை. நீந்துகிறேன் என்று அவளே சொன்னாள்.

சீட்டு எழுதினார்கள். வாயாடி செய்தி வாசிப்பதுபோல உரக்கப் படித்தாள். ஊசி அதை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீங்களும் பாருங்க மிஸ்." பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். பார்த்தேன், இரண்டு தடவை. என் ஜாக்கெட்டின் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துவிட்டிருந்தேன், நாய்க் காது போலத் தொங்கின. அம்பு அதைப் பார்த்துச் சிரித்தாள்.

நெட்டை நன்றாகவே ஆரம்பித்தாள். அவள் சுவரை நெருங்கும்போது நான் வாட்சைப் பார்க்கவில்லை, ஊசியின் கால்களைத்தான் பார்த்தேன். விரல் சுவரில் பட்டது. அவள் போய்விட்டாள். அந்தப் பழைய குதி, பயமில்லாதது. தன் நூறு மீட்டரை ஒரு நிமிடம் ஐந்து புள்ளி ஒன்பதில் முடித்தாள். அவள் வாழ்நாளிலேயே சிறந்த நேரம். புதுசு பாதியில் இருமினாள், தண்ணீர் குடித்தாள், விடாமல் வந்து சேர்ந்தாள். வாயாடி உயிரைக் கொடுத்து நீந்தினாள்.

நாலு நிமிடம் இருபத்து நாலு விநாடி, முப்பத்தொன்று.

விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அவ்வளவில் தவறிவிட்டது.

பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு வாரம் முன்னால் கிடைத்த நேரத்தை நினைக்காமல் இருக்க முடியுமா? புதுசு சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை விட்டு வெளியே வராமல் அழுதாள். என்னால, என்னால என்று. முதலில் போனது ஊசிதான். குளத்தோரத்தில் மண்டியிட்டு, அவள் தலையைப் பிடித்துத் தூக்கினாள்.

"உன்னால இல்ல. இப்பவே சொல்லிடறேன். நாலு நாள் கழிச்சுச் சொன்னா ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குத்தத்தான் சொன்னாள். குத்தியது. ஆனால் அவள் வாயோரத்தில் சிரிப்பும் இருந்தது. அம்பு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் வரும்வரை விடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஊசி வரவில்லை. வரமாட்டாள். இந்த சீசனோடு சரி என்று அவள் அப்பா முன்பே சொன்னதுதான். கேட்டுப் பார்க்கலாமா என்றாள் அம்பு. கேட்கும் தகுதி எனக்கில்லை என்றேன். அப்ப நான் கேக்கறேன் என்று போனாள். அவ யோசிக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கப்புகளைக் கழுவும்போது நினைத்துக்கொண்டேன். இந்த இருவரும் என்னை ஒரு நாளும் பரவாயில்லை என்று சொல்லித் தேற்றவில்லை. ஒருவர் கடிதத்தை ஏற்க மறுத்தார். ஒருத்தி டீயை மறுத்தாள். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் அந்தத் தையல் கடைக்குப் போயிருக்கவே மாட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து வாட்சை அழுத்திக்கொண்டிருந்த ஒருத்தியை எட்டு வருடம் முன்னால் பெரிய கோச் கீழே இறங்கி வரச் சொன்னார். இப்போதும் இருவரும் இறங்கி வா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு இப்படிக் கூட வேலை செய்ய ஆள் கிடைக்கும்?

அந்தக் கோழிக் கிறுக்கல் சீட்டை இந்தக் குறிப்பேட்டுக்குள் வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

தேசியப் போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியல் வந்தது. எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பையன். பெரிய கோச் வழக்கம்போல ஒவ்வொரு பெயரையும் கடைசிவரை படித்தார். ஊசியின் லேன் காலியாகவே இருக்கிறது. அம்பு அங்கே யாரையும் விடவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

விளக்கைப் போட்டுவிட்டு, தண்ணீர் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் முடிந்தும் டீ நான்தான் போடுகிறேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. ஊசி. சனிக்கிழமையோடு பதினைந்து முடிந்தவள். தோளில் நீச்சல் பை, கையில் ஒரு துணிப் பொட்டலம்.

"அப்பா குடுக்கச் சொன்னாரு."

கெட்டியான நீலத் துணியில் கழுத்தில் மாட்டும் பை. ரிலேயில் நீந்தும் நாலு பேருக்கு வரிசையாக நாலு அறை. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண். தையல் அவ்வளவு நெருக்கம், ஓர் இழைகூடக் கோணவில்லை. பின்பக்கத்தில் ஐந்தாவதாக இன்னொரு சின்ன அறை, எண் இல்லாமல், பட்டன் வைத்து.

இது எதற்கு என்று கேட்டேன்.

"பழைய சீட்டுக்கு. உங்களுக்குக் கிழிக்க மனசு வராதுன்னு சொன்னேன். அப்ப அதுக்குத் தனியா ஒரு இடம் வேணுமேன்னு தெச்சாரு."

பின்னால் பெரிய கோச் டீ புரையேறி இருமிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஊசி அதற்கெல்லாம் நிற்கவில்லை, தலைக்கு ரப்பர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டே ஆறாவது லேனுக்கு, பெரிய பெண்கள் நீந்தும் லேனுக்கு நடந்தாள். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

குறிப்பேட்டிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து ஐந்தாவது அறையில் வைத்துப் பட்டன் போட்டேன். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"மிஸ், டைம்" என்றாள் மேடையிலிருந்து.

நூறு மீட்டர், ஒரு நிமிடம் பத்து. மூன்று வாரம் தண்ணீர் படாத உடம்பு, மெதுவான நேரம்தான். எழுதிக்கொண்டேன்.